அத்தான் முடிக்காத வருஷம்

என் அக்கா புருஷன் இராமலிங்கத்துக்குக் கிழமை தெரியாது. அக்காவைக் கட்டிய புதிதிலேயே நான் இதைக் கண்டுபிடித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் கையில் மீனோடு வந்து நிற்பார். என்ன அத்தான் இது என்று கேட்டால், "இன்னைக்கு ரெண்டாவது மார்னிங் ஷிஃப்டுலா" என்பார். அவர் மனசில் அதுதான் கிழமை.

போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் அவருக்கு வேலை. கப்பலிலிருந்து இறங்குகிற கண்டெய்னர் எந்த வரிசையில், எந்த அடுக்கில் போய் உட்கார வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுப்பார். முப்பத்தேழு வருஷமாக அதேதான். இரண்டு நாள் காலை, இரண்டு நாள் மதியம், இரண்டு நாள் இரவு, பிறகு இரண்டு நாள் ஓய்வு. ஊருக்கெல்லாம் வாரம் ஏழு நாள் என்றால் அவருக்கு எட்டு நாள். தீபாவளியா, பிள்ளைகளின் பள்ளி விழாவா, எதுவானாலும் முதலில் ஷிஃப்ட் அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். கொழுந்தியாள் என்ற உரிமையில் நான் அவரைக் கேலி செய்யாத நாள் இல்லை. அவரும் கோபித்துக்கொண்டது இல்லை. நான் பிரிக்ஃபீல்ட்ஸில் பிளவுஸ் தைத்துப் பிழைப்பவள். வாய் கொஞ்சம் நீளம் என்பது எனக்கே தெரியும்.

அவர்கள் வீடு பண்டமாரானில். பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் குகன். இளையவள் தாமரை, ஷா ஆலமில் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிற ஒரு ஆபீசில் படம் வரைந்துகொண்டிருந்தாள். ஆபீஸ் வேலை போக அவளுக்கென்று சொந்தமாக ஓர் உலகம் இருந்தது. எட்டு வயசிலிருந்து நோட்டுப் புத்தகங்களில் அதை எழுதி, வரைந்து வந்தாள். அதற்கு வெண்கரை என்று பெயர்.

வெண்கரையில் கடிகாரம் கிடையாது. கடலுக்குள் எங்கேயோ நிற்கிற, யாரும் கண்ணால் பார்த்திராத ஒரு கப்பல் நாளைக்கு ஆறு முறை ஊதும். அதுதான் நேரம். வாரத்துக்கு எட்டு நாள்: விடி, பின்விடி, வெயில், பின்வெயில், கரு, பின்கரு, வீடு, பின்வீடு. சந்தை, கல்யாணம், திருவிழா எல்லாம் கடைசி இரண்டு நாளில்தான். மற்ற நாட்களில் அங்கே யாரும் உரக்கச் சிரிக்கக்கூட மாட்டார்கள். நாற்பத்தைந்து வாரம் போனால் ஒரு வருஷம்.

ஆனால் அதோடு வருஷம் முடிந்துவிடாது. அதற்கப்புறம் பேரில்லா நாட்கள் வரும். அந்த நாட்களில் யாருக்கும் வயசு ஏறாது, யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள். வெளியே போனவர்கள் எல்லாரும் வீடு திரும்பிவிட்டார்களா என்று நாள்காவலர் பார்த்துக்கொண்டே இருப்பார். கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகுதான் அவர் வருஷத்தை முடிப்பார். பெரும்பாலும் ஐந்து நாளில் ஆகிவிடும். ஒரு வருஷம் மட்டும், நண்டு பிடிக்கப் போன ஒருத்தி வழி தவறிவிட்டதால் ஒன்பது நாள் ஆனது. இதையெல்லாம் தாமரை என்னிடம் சொல்லும்போது நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே உம் கொட்டுவேன். இன்னும் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டிருக்கலாம்.

போன ஐப்பசியில் அவளுக்கு டெங்கி. காய்ச்சலோடேயே நோட்டில் 'பேரில்லா நாள் 1', 'பேரில்லா நாள் 2' என்று எழுதியிருக்கிறாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஐந்தாம் நாள் கொஞ்சம் தேறினாற்போல இருந்தது. அத்தானுக்கு இரவு ஷிஃப்ட். லீவு போடுகிறேன் என்றவரை அவளே தடுத்து அனுப்பினாள். "போய்ட்டு வாங்கப்பா. நான் எங்க போகப் போறேன்?"

காலை ஆறு பத்துக்கு உயிர் போய்விட்டது. அத்தான் வந்து சேரும்போது ஆறே முக்கால்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவர் அந்த நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று நாள் படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, தன் ஷிஃப்ட் அட்டவணையை நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். விடி, பின்விடி காலை ஷிஃப்ட். வெயில், பின்வெயில் மதியம். கரு, பின்கரு இரவு. "குமுதா, நான் வீட்டுல இருந்த நாள்தான் அவளுக்குத் திருவிழா" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். மகள் செத்த அன்றுகூட அந்த மனுஷன் அழவில்லை.

அன்றிலிருந்து அவர் அந்த நோட்டில் எழுத ஆரம்பித்தார். மூன்று, நான்கு, ஐந்து என்று விட்டுப்போன நாட்களையும் நிரப்பி, தினம் ஒரு பக்கம். ஆறு மாதம் போயிற்று, எட்டு மாதம் போயிற்று, பேரில்லா நாட்கள் முடிகிற வழியாகவே இல்லை. வெளியே போன தாமரை இன்னும் வந்து சேரவில்லையே, பிறகு எப்படி வருஷத்தை முடிப்பது என்பது அவர் கணக்கு. ஒரு பிள்ளை விளையாட்டாக எழுதி வைத்த சட்டத்தை ஐம்பத்தெட்டு வயசு ஆள் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? நான் அவர் முகத்துக்கு நேராகவே திட்டினேன். அவர் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இருந்தார்.

இதில் குகனின் வாழ்க்கையும் மாட்டிக்கொண்டது. கிள்ளானில் விஷ்ணுப்ரியா என்ற பெண்ணை அவனுக்குப் பேசி முடித்திருந்தோம். துக்கம் நடந்த வீடு, வருஷத் திதி கொடுத்த பிறகுதான் பத்திரிகை அடிக்க வேண்டும் என்று பெண் வீட்டார் சொல்லிவிட்டார்கள். நியாயம்தான். தை மாதத்துக்கு மண்டபமும் பார்த்தாயிற்று. கல்யாணமாகாமல் போன பிள்ளைக்கு அப்பாதான் உட்கார்ந்து திதி கொடுக்க வேண்டும். அவரோ, வருஷமே முடியவில்லை, வருஷத் திதி எப்படிக் கொடுப்பது என்று கேட்டார். பெண் வீட்டார் பொறுமை இழந்துகொண்டிருந்தார்கள். குகன் அப்பாவோடு பேசுவதையே நிறுத்திவிட்டான்.

அக்கா சீதாலெட்சுமி வேறு மாதிரி. அவளுக்கு வெண்கரையும் தெரியாது, கருங்கரையும் தெரியாது. மகள் இறந்த திதியைக் காலண்டரில் பார்த்து, மாதம் தவறாமல் அந்தத் திதியில் இலை போட்டு, தாமரைக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைத்தாள். அந்தக் காலண்டர் நான் சென்னைக்குப் போனபோது வாங்கி வந்தது, பெரிய முருகன் படம் போட்டது. இறந்த நாளின் தாளை அவள் கிழித்துப் பூஜை அறையில் பத்திரமாக வைத்திருந்தாள்.

வருஷத் திதி தசமி அன்று. அதற்கு இரண்டு நாள் முன்னால், மதியமே தையல் மெஷினை மூடிவிட்டு, புறநகர் ரயில் பிடித்து உதவிக்குப் போனேன். வீட்டில் சண்டை நடந்துகொண்டிருந்தது. அக்கா பேசுவாள், அத்தான் தரையைப் பார்ப்பார், அவர்கள் சண்டை எப்போதும் அப்படித்தான். கடைசியில் அவள் பூஜை அறைக்குள் போய் அந்தத் தாளை எடுத்து வந்து அவர் கையில் திணித்தாள். "நான் சொன்னா கேக்க மாட்டீங்க. இதையாவது பாருங்க. வருஷம் முடிஞ்சிடுச்சுன்னு காலண்டரே சொல்லுது."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். நவமி காலை 4.50 வரை, பிறகு தசமி.

"இது எந்த ஊரு நேரம்?" என்றார்.

கொழும்பிலிருந்தும் துபாயிலிருந்தும் வருகிற கப்பல்களுக்கு நேரம் மாற்றிப் பார்த்தே காலம் தள்ளிய ஆள். அவருக்கு முதலில் வரும் கேள்வி அதுதான். மெட்ராஸ் நேரம்தான் அத்தான் என்றேன்.

"அப்படின்னா ரெண்டரை மணி நேரம் கூட்டணும். நம்ம ஊர்ல ஏழு இருபது வரைக்கும் நவ..."

பாதியில் நிறுத்திவிட்டார். சொல்லி முடிக்கத் தேவையும் இல்லை. அவள் போனது ஆறு பத்துக்கு. நவமியில் போன பிள்ளைக்கு நாங்கள் பதினோரு மாதமாகத் தசமியில் படைத்திருக்கிறோம். பிரிக்ஃபீல்ட்ஸில் கடைக்குக் கடை இந்த ஊர் நேரம் போட்ட காலண்டரை இனாமாகத் தருகிறான். அதை விட்டுவிட்டு முருகன் படத்துக்கு ஆசைப்பட்டு விமானத்தில் சுமந்து வந்தவள் நான்.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. "அவ வந்த நாள்ல எல இல்ல. எல போட்ட நாள்ல அவ இல்ல" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அத்தான் எழுந்து போய் அந்த நோட்டை எடுத்து வந்தார். அவர் எழுத ஆரம்பித்த பிறகு அதை எங்களில் யாரும் திறந்து பார்த்ததில்லை, பார்க்க எங்களுக்குப் பயம். பைத்தியக்காரத்தனமாக ஏதாவது இருக்குமோ என்று. அவர் அக்காவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முதல் மாதம் நாங்கள் படைத்த தேதிக்கு முந்தைய நாளைத் தேடி எடுத்தார். 'பேரில்லா நாள் 36. சோறு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. ஒரு தட்டு எடுத்து வைத்தேன். கதவு திறந்திருந்தது. வரவில்லை.' வாசித்துக் காட்டிவிட்டு அடுத்த மாதத்துக்குப் போனார். சோறு, சாம்பார், நெத்திலி. ஒரு தட்டு. கதவு திறந்திருந்தது. அதற்கடுத்த மாதமும் அப்படியே. தினமும் வைத்திருக்கிறார் மனுஷன். சமையல்கட்டு மேடையில் மூடியிருந்த தட்டை, ஷிஃப்ட் முடிந்து வந்து அவர் சாப்பிடுவது என்றுதான் அக்கா இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

மாசி மாதத்துப் பக்கத்தில் ஒரு வரி அதிகமாக இருந்தது. 'நாள் 124. செருப்பு ரேக் பக்கம் சத்தம். போய்ப் பார்த்தேன். எல்லாம் வைத்தபடி இருந்தது.'

அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "அன்னைக்கு நானும் கேட்டேங்க" என்றாள். "அவ செருப்பக் கழட்டுற சத்தம். நீங்க வேற பயப்படுவீங்கன்னு சொல்லல."

மதிய வெயில் முற்றத்தில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. நான் செருப்பு ரேக் பக்கம் திரும்பவே இல்லை. அத்தான் பதினோரு பக்கத்தையும் வாசித்துக் காட்டினார். முடிந்ததும் அக்கா அந்த நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். மறுநாள் நவமி என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. "நாளைக்கு நான் உக்கார்றேன்" என்றார் அத்தான்.

கோயில் ஐயருக்குப் போன் போட்டேன். தசமிக்குச் சொல்லிவிட்டு இப்போது மாற்றினால் எப்படி என்று கொஞ்சம் முனகிவிட்டு ஒப்புக்கொண்டார். காலையில் திதி நடந்தது. அத்தான் ஐயர் சொன்னதையெல்லாம் தப்பில்லாமல் திருப்பிச் சொன்னார். பிண்டத்தைக் கடலில் விட்டுவிட்டு வந்து குகனோடு ஒரே மேசையில் சாப்பிட்டார். அந்த வாரமே கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போனது. என் பாவம் பாதியாவது கழிந்தது என்று நானும் நிம்மதியாகப் பிரிக்ஃபீல்ட்ஸுக்குத் திரும்பினேன்.

இரண்டு வாரம் கழித்து, கல்யாணப் பெண்ணின் பிளவுஸ் அளவு வாங்க அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தானுக்கு மதிய ஷிஃப்ட். அக்கா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அந்த நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். 'பேரில்லா நாள் 374. சோறு, முருங்கைக்கீரைப் பொரியல்.' அவளுடைய கோணல் கையெழுத்து. முந்தைய இரண்டு மூன்று பக்கமும் அவளுடையதே, அதற்கு முந்தைய இரண்டு பக்கம் அத்தானுடையது. அவர் வேலைக்குப் போகிற நாளில் இவள் எழுதுகிறாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. திதி கொடுத்தாயிற்று, மகனுக்குக் கல்யாணம் வரப்போகிறது, அவர்தான் அப்படி என்றால் உனக்குமா புத்தி பேதலித்துவிட்டது என்று கத்தினேன். இன்றைக்கே அந்த வருஷத்தை முடித்துத் தொலையுங்கள் என்றேன்.

அவள் எழுதி முடித்து, பேனாவை மூடி வைத்தாள்.

"முடிச்சிட்டா நாங்க எல்லாரும் அடுத்த வருஷத்துக்குப் போயிடுவோம்" என்றாள். "அவ வந்து பாத்தா, இந்த வருஷத்துல அவளுக்கு யாருடி இருப்பா?"