வேண்டிக்கொள்கிறேன் என்று சொன்னேன்

எங்கள் வீட்டில் ஜெபமாலையை என் மனைவிதான் சொல்லுவாள். நான் பதில் சொல்லுவேன். கல்யாணமான மறுநாளிலிருந்து முப்பத்தாறு வருடம் அப்படியே நடந்தது. மங்கள வார்த்தை ஜெபத்தில் முன்பாதி அவளுக்கு, ‘புனித மரியே’யில் தொடங்கும் பின்பாதி எனக்கு. இதை யாரும் பேசி முடிவு செய்யவில்லை. அவள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை, முன்னால் நின்று சொல்லிக் கொடுத்துப் பழகியவள். நான் சர்வேயர். மணமேல்குடி பக்கமும் திருமயம் பக்கமும் வெயிலில் அளந்துவிட்டு வந்து சுவரில் சாய்ந்து உட்காருவேன். வாய் பதில் சொல்லிக்கொண்டிருக்கும், கண் பாதி மூடியிருக்கும். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, “அப்பா தூங்கிக்கிட்டே ஜெபிக்கிறாரு” என்று சிரிப்பாள்.

ஜெபமாலையில் பத்துப் பத்தாகக் கோத்திருக்கும் மணிகளில் ஒவ்வொரு பத்துக்கும் முன்னால், யாருக்காக வேண்டுகிறோம் என்று அவள் ஒரு கருத்துச் சொல்லுவாள். இன்னாருடைய ஆப்பரேஷனுக்காக, பள்ளிக்கூடத்தில் படிப்பு ஏறாத ஒரு பிள்ளைக்காக, மழைக்காக, பேப்பரில் படித்த யாரோ ஒருவருக்காக. அவற்றை நான் காதில் வாங்கிக்கொண்டதே இல்லை. அவள் நிறுத்திய இடத்தில் நான் ஆரம்பிப்பேன், அவ்வளவுதான்.

போன வருடம் தவக்காலத்தில் ஒரு காலையில் அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. ஆவூரிலிருந்து சொந்தக்காரர்கள் இரண்டு வேன்களில் வந்தார்கள். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அவர்களும் போனார்கள், மகளும் பெங்களூருக்குப் போனாள். “எங்கூட வந்துருங்கப்பா” என்றாள். “பாக்கலாம்” என்றேன்.

அன்று சாயங்காலம் ஆறரை மணிக்குப் பழக்கத்தில் திருஇருதயப் படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். மெழுகுதிரியை ஏற்றினேன். வீட்டில் நான் ஒருவன்தானே, முன்பாதியையும் நானே சொன்னேன். சொல்லிவிட்டு நிறுத்தினேன். பதில் வரவில்லை. பதில் சொல்ல வேண்டிய ஆளும் நானேதான் என்பது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்கு மேல் வாய் எழவில்லை. ஜெபமாலையை ஆணியில் மாட்டிவிட்டு எழுந்துவிட்டேன்.

மகளிடம் போனில் சொன்னபோது, “யூடியூப்ல போட்டு விடுங்கப்பா. அவங்க முன்னாடி சொல்லுவாங்க, நீங்க பதில் சொல்லலாம்” என்றாள். அதையும் செய்து பார்த்தேன். ஒரு ஆண் குரல். பஸ் புறப்படப் போவதுபோல் அவசரம். நான் பதிலை முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். நாலாவது நாள் ஜெபத்துக்கு நடுவில் சலவைத்தூள் விளம்பரம் வந்தது. ஒரு பெண் வெள்ளைச் சட்டையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். போனை அணைத்துவிட்டேன்.

அதன்பின் ஆறரை மணிக்கு வீட்டில் இருப்பதையே விட்டுவிட்டேன். திருமயம் ரோட்டில் ஒரு டீக்கடை உண்டு. அங்கே போய் உட்கார்ந்து, போகிற வருகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எல்லாரும் எழும்போது எழுந்து, பூசை முடிந்ததும் யாரிடமும் நிற்காமல் வந்துவிடுவேன்.

எங்களுக்குப் பால் ஊற்றுகிற அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். பக்கத்துக் கிராமம். புருஷன் இல்லை. டிவிஎஸ் வண்டியில் இரண்டு கேன்களைக் கட்டிக்கொண்டு காலை ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடுவார். என் மனைவி இருந்தவரை இருவரும் கேட்டருகே நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்டதில்லை. ஜூன் மாதம் ஒரு காலையில் பாலை ஊற்றிவிட்டு அவர் போகாமல் நின்றார்.

“சார், ஒன்னு கேக்கலாமா?”

“கேளுங்கம்மா.”

“டீச்சரம்மா எம்மவனுக்காகத் தெனமும் வேண்டிக்கிட்டு இருந்தாங்க. அவங்கிட்டேர்ந்து போன் வர்ற வரைக்கும் விட மாட்டேன்னு சொல்லியிருந்தாங்க. இப்ப யாரு சார் வேண்டுறா?”

அப்போதுதான் விஷயமே எனக்குத் தெரிய வந்தது. அவருடைய ஒரே மகன் டிரைவர் வேலை என்று சவூதிக்குப் போனவன். போய்ச் சேர்ந்ததும் இரண்டு முறை பேசியிருக்கிறான். பிறகு பேச்சே இல்லை. அனுப்பிய ஏஜெண்ட் போனை எடுப்பதில்லை. கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதிக் கொடுத்தது என் மனைவிதான்.

இதையெல்லாம் ஒரு தாய் வாசலில் நின்று சொல்லும்போது, ‘யாரும் வேண்டவில்லை’ என்று எப்படிச் சொல்வது?

“நான் வேண்டிக்கிட்டுதான் இருக்கேன்” என்றேன்.

அவர் முகம் மாறியது. “அவம் பேரு தெரியுமா சார்?”

தெரியாது. “அவ சொல்லியிருக்கா” என்றேன். ஒரு நிமிடத்துக்குள் இரண்டாவது பொய்.

அன்றைக்கு வேண்டியிருக்கலாம். ஆணியில் மாட்டியதை எடுத்து ஒரே ஒரு பத்து மணி சொல்லியிருந்தால்கூடச் சொன்னதில் பாதியாவது உண்மையாகியிருக்கும். ஆனால் அதற்கு அந்த அறையில் அந்த நேரத்தில் உட்கார வேண்டும். சாயங்காலம் ஆனதும் கால் தானாக டீக்கடைக்குப் போனது. மறுநாள் காலையில் அவர், “வேண்டுனீங்களா சார்?” என்றார். “வேண்டுனேன்” என்றேன். சில நாள் வாய்விட்டுக் கேட்பார், சில நாள் முகத்தை மட்டும் பார்ப்பார். நான் தலையை ஆட்டுவேன். இப்படியே நாலு மாதம் ஓடியது. அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் பாத்திரத்தைக் கேட்டருகே வைத்துவிட்டு உள்ளே போய்விடவும் பார்த்தேன். அவர் விடமாட்டார். “சார்” என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் போவார்.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை நல்ல வெயிலில் அவர் வந்தார். பால் நேரம் இல்லை. கேட்டைத் திறந்துகொண்டு நேராக உள்ளே வந்தார். கையில் போன் இருந்தது.

“பேசிட்டான் சார்.”

அதைச் சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். டிரைவர் வேலை என்று கூட்டிப்போனவர்கள் பாஸ்போர்ட்டையும் போனையும் பிடுங்கிக்கொண்டு எங்கோ பாலைவனத்தில் ஆடு, ஒட்டகம் மேய்க்க விட்டிருக்கிறார்கள். தண்ணீர் லாரி ஓட்டிவந்த ஒரு தமிழ் ஆள் இவனைப் பார்த்துத் தன் போனைக் கொடுத்திருக்கிறான். எம்பஸிக்குச் சொல்லிவிட்டார்கள், கூட்டிவந்துவிடுவார்கள் என்று அந்த லாரிக்காரனே தைரியம் சொன்னானாம்.

“ஒங்க வாய் பலிச்சிருச்சு சார்” என்று காலைத் தொட வந்தார். நான் பின்னால் நகர்ந்தேன். சொல்ல வேண்டியதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்து முடியவில்லை. “சந்தோசம்மா” என்றேன்.

“ஞாயித்துக்கெழம ஒங்க கோயிலுக்கு நானும் வாரேன். மெழுகுவத்தி ஏத்தணும்.”

சொன்னபடியே வந்தார். தலையை அழுத்தி வாரி, நல்ல சேலை கட்டி, பூசை முழுவதும் என் பெஞ்சுக்கு எதிர்ப்பக்கம் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். எல்லாரும் உட்காரும்போதும் அவர் உட்காரவில்லை. பூசை முடிந்து, மாதா சொரூபம் இருக்கும் கெபியில் மெழுகுதிரி ஏற்றும்போது பக்கத்தில் நின்றவர்கள் விசாரித்தார்கள். “சார் வேண்டி எம்மவன் கெடைச்சான்” என்றார். ஒருவரிடம் இல்லை, கேட்ட எல்லாரிடமும். கோயில் கமிட்டியில் இருக்கும் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இவ்வளவு நாளா கடைசி பெஞ்சுல ஒக்காந்து இப்படி ஒரு ஜெபமா சார். எங்க மருமகளுக்குப் பிள்ளை நிக்க மாட்டேங்குது. அவளையும் ஒங்க ஜெபத்துல நெனைச்சுக்கங்க.”

சரி என்றேன். வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. அவள் இறந்த பிறகு அன்றைக்குத்தான் அத்தனை பேர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசியிருந்தார்கள். அது அத்தனையும் நான் செய்யாத ஒரு காரியத்துக்காக. இதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. மகளிடம் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். அவள் வெளியில் இருப்பதாகவும் பிறகு கூப்பிடுவதாகவும் ஒரு மெசேஜ் வந்தது.

அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எங்கள் பங்குச் சாமியாருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஜெபம் சொல்லி எவ்வளவு நாளாச்சு?” என்றார்.

“ஆறு மாசத்துக்கு மேல ஆச்சு சாமி.”

“ஏன்னு கேக்கல. எனக்குப் புரியுது. அந்தப் பையனுக்காக ஒரு பத்து மணி சொல்லுங்க. அதுதான் அபராதம்.”

“அந்த அம்மாகிட்ட சொல்லிரணுமா சாமி?”

கொஞ்சம் யோசித்தார். “கட்டாயப்படுத்த மாட்டேன். ஆனா அவங்க தெனம் ஒங்க வாசலுக்கு வர்றாங்க. தெனம் அவங்க முகத்தப் பாக்கணும் நீங்க.”

திங்கட்கிழமை காலையில் சொல்லிவிட்டேன். அவர் கேனிலிருந்து படியால் பாலை மொண்டுகொண்டிருந்தார்.

“அம்மா, நான் ஒங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். ஒங்க மகனுக்காக நான் வேண்டவே இல்ல.”

படி கேனுக்குள்ளேயே நின்றது. “ஒரு நாளு கூடவா சார்?”

“ஒரு நாள் கூட இல்லம்மா.”

திட்டுவார் என்று நினைத்தேன். இனிமேல் வரமாட்டார் என்றும் நினைத்தேன். அவர் பாலை ஊற்றி, கேனை மூடி, கையைத் துடைத்துக்கொண்டார். யாரையும் பார்க்காமல் பேசினார்.

“அப்ப டீச்சரம்மாதான் அங்கிட்டுப் போயும் விடாம வேண்டியிருக்காங்க. போன் வர்ற வரைக்கும் விட மாட்டேன்னாங்கல்ல.”

நான் குனிந்து பால் பாத்திரத்தை எடுத்தேன். அவர் மேலே சொன்னார்.

“நாந்தான் மெழுகுவத்திய எடம் மாறி ஏத்திட்டேன். அவங்களப் பொதைச்ச எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க சார்.”

கல்லறைத் திருநாளுக்கு அப்போது ஒரு வாரம் இருந்தது. யாரையாவது கூலிக்கு விட்டுச் சுத்தம் செய்யச் சொல்லலாம் என்று இருந்தேன். முப்பதாம் நாளுக்குப் பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை. அன்று சாயங்காலம் நாலு மணிக்கு இருவரும் போனோம். மழைக்குப் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. சிலுவையில் அவள் பெயர் பாதிதான் தெரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த அம்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு புல்லைப் பிடுங்க ஆரம்பித்தார். நானும் குனிந்து பிடுங்கினேன். இடம் தெளிந்ததும் துலுக்கச் சாமந்திப் பூவைச் சிலுவையடியில் வைத்து, மெழுகுதிரியை ஏற்றினார். பிறகு வாசலில் நின்று பேசுவதுபோலவே பேசினார்.

“டீச்சரம்மா, பய பேசிட்டான். எளைச்சுப் போயிட்டானாம், ஆனா உசுரோட இருக்கான். சாரு வேண்டலையாம், இன்னைக்குத்தான் சொன்னாரு. அதுக்காக அவரக் கோவிச்சுக்காதீங்க. அவரு சரியாவே சாப்புடுறதில்ல. ஊத்துற பாலை என்ன பண்றாருன்னே தெரியல.”

மூக்கைச் சிந்திவிட்டு என்னைப் பார்த்தார். “நீங்களும் பேசுங்க சார். நான் வெளிய கேட்டுப் பக்கம் நிக்கிறேன்.”

அவர் போனபிறகு வெகுநேரம் நின்றேன். அந்த அம்மாவுக்கு என் மனைவி இருக்கும் இடம் தெரிந்திருந்தது. எனக்குத்தான் அவள் எங்கேயும் தென்படவில்லை. கட்டிலில் இல்லை, அடுப்படியில் இல்லை, கோயிலில் இல்லை. இங்கேயும் ஒரு கல்தான் இருந்தது. அதனிடம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஒன்று கேட்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. “யார் யாருக்காகல்லாம் வேண்டிக்கிட்டு இருந்த?” என்று கேட்டேன். முப்பத்தாறு வருடம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொன்னவனுக்கு ஒரு பெயர்கூட நினைவில் இல்லை. அப்போதுதான் அழுகை வந்தது. சாவு வீட்டில் வராத அழுகை.

அழுது முடித்து, சாமியார் கொடுத்த அபராதத்தை அங்கேயே சொன்னேன். ஜெபமாலை வீட்டில் ஆணியில் இருந்தது. விரல் விட்டுத்தான் எண்ணினேன். பையன் பெயரைக் கேட்டு வைத்திருந்தேன், அதை முதலில் சொன்னேன். முன்பாதியையும் நானே சொல்லி, பின்பாதியையும் நானே சொன்னேன். நடுவில் எண்ணிக்கை தவறியது. பத்துக்குப் பதில் பன்னிரண்டாகக்கூட இருந்திருக்கும். கேட்டருகில் அந்த அம்மா ஆடு மேய்க்கிற ஒருவரிடம் மகன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

பையன் தை மாதம் ஊருக்கு வந்துவிட்டான். அம்மாவோடு ஒருநாள் வீட்டுக்கு வந்தான். கறுத்துப்போய், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். எனக்கும் அவனுக்கும் பேச ஒன்றும் இல்லை. காப்பி குடித்துவிட்டுப் போனான். இப்போது அறந்தாங்கிப் பக்கம் லோடு வண்டி ஓட்டுகிறான்.

கோயில் கமிட்டிப் பெரியவரிடமும் போய் உண்மையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. தாழ்மையால் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். அவர் மருமகளுக்காக இப்போது நிஜமாகவே வேண்டுகிறேன். இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

ஆறரை மணிக்கு வீட்டில் இருக்கிறேன். எல்லா நாளும் முடிகிறது என்று சொல்ல முடியாது. சில நாள் இரண்டு பத்தோடு எழுந்துவிடுகிறேன். ஜெபம் சொன்னால் தனிமை போய்விடும் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். சொல்லும்போதுதான் வீட்டில் ஒரே குரல் என்பது நன்றாகக் கேட்கிறது. ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் யாருக்காக என்று யோசிக்க எனக்கு நேரம் பிடிக்கிறது. அவளுக்கு ஊரெல்லாம் ஆள் இருந்தது. நான் நாலைந்து பேரைச் சொல்லிவிட்டு, மகள் பெயரைச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறேன். அப்புறம் ஆரம்பிக்கிறேன்.