பெரியப்பா கொண்டுவந்த இளநீர்

“…அதுக்காக வேணாம்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லணுமாக்கும்? கல்லுப்பட்டியில இருந்து பஸ்ஸுல மடியில வச்சுக் கொண்டாந்திருக்காருடி மனுசன்” என்று என் அக்கா பாண்டியம்மா கிசுகிசுத்தாள். பெரியப்பா இளநீரைச் சீவி, ஸ்ட்ரா போட்டுக் கட்டிலருகே வைத்துவிட்டுக் கை கழுவப் போயிருந்தார். நான் அந்த இளநீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஏன் என்று சொல்கிறேன்.

அக்கா விளாங்குடியில் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். முதலில் வலது கால் வீங்கியது. மெஷின் மிதிக்கிற கால்தானே என்றாள். மறுவாரம் இடது காலும் வீங்கியது. “இது எதை மிதிச்சுச்சாம்?” என்று அவளே சிரித்தாள். சிறுநீரகம் இரண்டும் சுருங்கிவிட்டதாக டாக்டர் சொன்னார். வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் (ரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்வது). தண்ணீர், காபி, ரசம் எல்லாம் சேர்த்து நாளுக்கு முக்கால் லிட்டர்தான்.

தண்ணீரை அளந்து கொடுத்தேன். ஆனால் இளநீரை நான் தண்ணீரில் சேர்க்கவில்லை, மருந்தில் சேர்த்திருந்தேன். உடம்புக்குக் குளிர்ச்சி என்று ஆரப்பாளையத்தில் பஸ் இறங்கி தினம் ஒன்று வாங்கிப் போனேன். நான்காம் நாள் அக்காவுக்குக் கை கால் துவண்டு, நாடி விட்டு விட்டு அடித்தது.

டாக்டர் சத்தம் போடவில்லை. “இளநீர்ல பொட்டாசியம் (ஒருவகை உப்புச்சத்து) ஜாஸ்திம்மா. இவங்க உடம்பால அதை வெளியேத்த முடியாது. இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தா இதயம் நின்னிருக்கும்” என்றார்.

அதற்கப்புறம் வாசல் கம்பிக்கதவு சத்தம் கேட்டால் வருகிறவர் முகத்தை நான் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பேன். நம்ம ஊரில் நோயாளியைப் பார்க்க யார் வெறுங்கையோடு வருகிறார்கள்? உங்கள் வீட்டிலும் இந்த வியாதி என்றால், வாசலிலேயே சொல்லிவிடுங்கள். அக்காவுக்கு அந்த மனசு வரவில்லை.

போன மாதம் அவள் போய்விட்டாள். ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது. பயம் மட்டும் என்னோடு தங்கிவிட்டது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாலும் உள்ளே எங்கே போகிறது என்று கவனிக்கிறேன். பொழுது சாய்வதற்குள் இன்று எத்தனை டம்ளர் ஆயிற்று என்று மனசு கேட்கிறது.

அன்று, கை கழுவப் போன பெரியப்பாவின் செருப்புச் சத்தம் திரும்பிவந்தது. அக்கா இளநீரை எடுத்தாள். ஸ்ட்ரா அவள் உதட்டுக்குப் போனது. சட்டென்று என் கையில் திணித்து, “குடிடி, வெரசா” என்றாள். நான் உறிஞ்ச உறிஞ்ச, என் தொண்டையில் இரண்டு விரலை வைத்து ஒவ்வொரு மடக்கும் இறங்குவதைத் தொட்டுப் பார்த்தாள். பெரியப்பா உள்ளே வரும்போது, காலி இளநீரைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டு, காய்ந்து கிடந்த உதட்டை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.