இரண்டாம் பகுதியில் கைதட்டல்

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, செவன் கிங்ஸ் என்ற ஆங்கிலேய ஊரில் இருந்த எங்கள் வீட்டில் மேற்கத்திய இசை தெரிந்த ஒரே ஆள் நான்தான். இரண்டு வருடமாக வயலின் பழகியிருந்தேன். பள்ளி ஓர்கெஸ்ட்ராவில் கடைசி வரிசையில் ஒரு கதிரையும் கிடைத்திருந்தது.

இசை ஆசிரியை அந்த இசையின் காலங்களை எங்களுக்குப் பாடமாக்கித் தந்திருந்தார்: பரோக், கிளாசிக்கல், ரொமாண்டிக், அதற்குப் பிறகு இருபதாம் நூற்றாண்டு. நான் அவற்றை அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அப்பா பஸ் ஓட்டுபவர். சோற்றைக் குழைத்தபடியே கேட்பார். பியானோவுக்குள்ளே சின்னச் சுத்தியல் நரம்பை அடிக்கும், அதற்கு முந்திய வாத்தியமான ஹார்ப்சிகோர்ட்டில் நரம்பைக் கிள்ளும் என்றேன். தலையாட்டினார். ரொமாண்டிக் காலத்துக்கு வந்ததும், "காதல் பாட்டோ?" என்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

அந்த ஆண்டுக் கச்சேரியில் கிளாசிக்கல் காலத்து வயலின் கொன்செர்ட்டோ ஒன்று இருந்தது. மேல்வகுப்பு அக்கா ஒருத்தி முன்னால் நின்று தனியாக வாசிப்பாள். நாங்கள் பின்னால் துணை. அப்பா கண்ட இடத்தில் கைதட்டி என் மானத்தை வாங்கிவிடுவாரோ என்பதுதான் என் பயம். காரில் போகும்போதே விளக்கினேன்.

"மூண்டு பகுதி இருக்கு, அப்பா. முதலாவது வேகம், ரெண்டாவது மெதுவு, மூண்டாவது திரும்ப வேகம். மூண்டும் முடியுமட்டும் கைதட்டக் கூடாது."

"ஓம், மூண்டு," என்று ஸ்டியரிங்கில் இருந்த விரல்களை விரித்துக் காட்டினார்.

முதல் பகுதி முடிந்தது. சபை இருமியது. அப்பா கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டாம் பகுதியின் நடுவில் அக்கா நின்றுவிட்டாள். நாங்கள் சிறிது தூரம் தள்ளாடிப் போய், ஒவ்வொருவராக நின்றோம். அடுத்த சுரம் அவளுக்கு வரவில்லை. ஆசிரியை மெல்ல ஏதோ சொன்னார். அது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. வில்லைக் கீழே இறக்கினாள். மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை.

அப்போது அப்பா கைதட்டினார். வேலைக்குப் போடும் ஜாக்கெட்டோடு, எழுந்து நின்று, ஒற்றை ஆளாக, பலமாக. எல்லாத் தலைகளும் திரும்பின. நான் வயலினுக்குப் பின்னால் முகத்தை மறைத்தேன். பிறகு முன்வரிசையில் ஒரு கிழவர் தட்டினார். பிறகு மண்டபம் முழுவதும் தட்டியது. அந்த இரைச்சலுக்குள் அக்கா கண்ணைத் துடைத்தாள், சுருதி பார்த்தாள், ஆசிரியையைப் பார்த்துத் தலையசைத்தாள். மெதுவான பகுதியை முதலில் இருந்து தொடங்கினோம். இந்த முறை கடைசிவரை போனது.

கச்சேரி முடிந்ததும் அக்காவின் தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அப்பாவின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். தவறு செய்தவரைத் தேற்றுகிறார் என்று எடுத்துக்கொண்டு, நானே முந்தி அப்பாவுக்காக ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு இந்த இசை பழக்கமில்லை என்றேன். அந்தத் தாய் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

காரில் ஏறியதும் வெடித்தேன். "ரெண்டாவதே முடியேல்லை! உங்களுக்கு எண்ணவும் தெரியாதோ?"

"முடியேல்லை எண்டு தெரியும், பிள்ளை," என்றார் அப்பா. "பெல்ட்டைப் போடு."

வெட்கத்தை மறைக்கப் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். வீடு வருவதற்குள் பெரிய மனது பண்ணி அவரை மன்னித்தும் விட்டேன்.