கதவில் ஒட்டிய கடைசி இடம்

வரப்போகும் பருவத்தில் எந்த அணி எங்கே நிற்கும் என்று முன்கூட்டி எழுதுவது, தவறிப்போவதற்கென்றே ஏற்பட்ட வேலை. நீங்களும் எப்போதாவது உலகக் கிண்ணத்துக்கோ, தேர்தலுக்கோ, தெரிந்த வீட்டுப் பிள்ளையின் பரீட்சைக்கோ ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, பிறகு தெருவை மாற்றி நடந்தவராக இருப்பீர்கள். உங்களுக்கு விளங்கும்.

டென்மார்க்கில் தமிழ் மாணவிகளுக்கென்று ஒரு கூடைப்பந்துச் சுற்று நடந்துகொண்டிருந்தது. ஐந்து ஊர், ஐந்து அணி. உயர்தர வகுப்பிலும் பல்கலைக்கழகத்திலும் படிக்கிற பிள்ளைகள், சனிக்கிழமைகளில் பாடசாலை மண்டபங்களில் விளையாடுவார்கள். இலை உதிரத் தொடங்கும்போது ஆரம்பித்து, பனி போகும்போது முடியும். ஒவ்வொரு கோடை முடிவிலும் நான் ஊர் ஊராகக் காரில் போய்ப் பயிற்சிகளைப் பார்த்துவிட்டு, எங்கள் மாத இதழில் முதலாமிடம் தொடங்கி ஐந்தாமிடம் வரை எழுதுவேன். இங்கே சொல்பவை இலங்கையில் போர் முடிந்த வருடத்தையும், அதற்குச் சற்று முந்திய காலத்தையும் சேர்ந்தவை.

ஒரு தகப்பனின் கோரிக்கை

ஹேர்னிங் அணி எப்போதும் பலமான அணி. உயரமான பிள்ளைகள், ஒழுங்கான பயிற்சி. ஒரு வருடம் கணிப்பு எழுத உட்கார்ந்த அன்று அந்த அணியின் நல்ல ஆட்டக்காரி ஒருத்தியின் தகப்பன் தொலைபேசியில் வந்தார். மகளுக்கு மருத்துவம் கிடைக்க வேண்டும், புள்ளிகள் கொஞ்சம் குறைகின்றன, ஆகவே ஹேர்னிங்கைக் கடைசியில் போட முடியுமா என்று கேட்டார். “முதலாமிடம் எண்டு எழுதினா அவள் புத்தகத்தைத் தொடமாட்டாள், தம்பி. கடைசியெண்டா மனம் விட்டுப்போட்டுப் படிப்பாள்.”

அவ்வளவு பலமான அணியைக் கடைசியில் போட்டால் என்னை ஒருவரும் மதிக்கமாட்டார்கள் என்றேன். அவருக்கும் எனக்கும் பொதுவாக, இரண்டாமிடம் போடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கொஞ்சம் யோசித்தார். “இரண்டாமிடம் இன்னும் ஆபத்து. இன்னும் கொஞ்சம் ஓடினா முதலாமிடம் எண்டு நினைச்சு, வீட்டுக்கே வரமாட்டாள்.”

பந்தைத் தட்டாத அணி

ஒடென்சே அணியை மங்கை அக்கா பயிற்றினார். முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை. யாழ்ப்பாணத்தில் பாடசாலை நாட்களில் வலைப்பந்து விளையாடியவர். வலைப்பந்தில் பந்து கைக்கு வந்தால் நின்ற இடத்திலேயே நின்று, இன்னொருத்திக்கு எறிந்துவிட வேண்டும். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓட முடியாது. கூடைப்பந்தில் அதுதான் பாதி ஆட்டம். மங்கை அக்கா தனக்குத் தெரிந்த ஆட்டத்தைத் தெரியாத ஆட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். அவருடைய பிள்ளைகள் யாரும் பந்தோடு ஓடவில்லை. ஒருத்தி தட்டினால் போதும், பக்கவாட்டிலிருந்து சத்தம் வரும்: “தட்டாதை!”

முதல் வருடம் நான் அவர்களைக் கடைசியில் போட்டேன். இரண்டாமிடம் வந்தார்கள். பந்து யாரிடம் இருக்கிறது என்று எதிரணி பார்ப்பதற்குள் அது நாலு கை மாறியிருந்தது. அடுத்த வருடம், இது ஒரு தடவைதான் நடக்கும் என்று நம்பி, மறுபடியும் கடைசியில் போட்டேன். மறுபடியும் இரண்டாமிடம். இரண்டு வருடமும் மங்கை அக்கா என் கணிப்பு வந்த பக்கத்தைக் கிழித்து, பிள்ளைகள் உடை மாற்றும் அறையின் கதவில் உட்பக்கமாக ஒட்டியிருந்தார். ஒவ்வொருத்தியும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும்.

விதிமுறைப்படி பந்தைத் தட்டலாம் என்பது அவருக்குத் தெரியுமா என்று ஒருநாள் பணிவாகக் கேட்டேன். முழுவதையும் படித்திருப்பதாகச் சொன்னார். பிறகு, “அனுமதி இருக்கெண்டு எல்லாத்தையும் செய்யவேணுமே?” என்றார்.

கார்த்திக்கின் கணக்கு

டோஸ்ட்ருப்பில் கார்த்திக் இருந்தார். கோயம்புத்தூர்க்காரர், கணினி நிறுவனத்தில் வேலை. எங்கள் ஆட்டங்களைப் பார்க்க வந்து, பழைய முடிவுகளையெல்லாம் கணினியில் ஏற்றி, தானும் ஒரு கணிப்பு வைத்திருந்தார். அது என்னுடையதைவிட அழகாக இருந்தது, வண்ணங்கள்கூட இருந்தன. ஒரே குறை, ஒடென்சே. “அந்த டீம் மட்டும் எந்த மாடல்லயும் உக்கார மாட்டேங்குது சார்,” என்பார்.

போர் முடிந்த அந்தக் கோடையில் அவரைச் சந்தித்தபோது வேறொரு குறை சொன்னார். வழக்கமாக வசந்தத்தில் நடக்கும் நட்பு ஆட்டங்களின் முடிவுகள் கிடைக்கவில்லை, என்னிடம் இருக்கிறதா என்று கேட்டார். ஆட்டமே நடக்கவில்லை என்றேன். அந்த வசந்தத்தில் பிள்ளைகள் பாடசாலை விட்டதும் ரயிலேறிப் போய், கோபன்ஹேகனில் நகரசபைச் சதுக்கத்தில் போரை நிறுத்தச் சொல்லிப் பதாகை பிடித்து நின்றார்கள். பிறகு ஒருநாள் அதற்கும் தேவை இல்லாமல் போயிற்று. இதை நான் இரண்டு வரியில்தான் சொன்னேன். கார்த்திக் கணினியை மூடினார். அடுத்த கிழமை திருத்திய கணிப்பை அனுப்பிவிட்டு அழைத்தார்.

“ஏப்ரல், மே ரெண்டையும் காலியா விட்டுட்டேன் சார். நானா ஒரு நம்பர் போட மனசு வரல.”

பின்னறைக் கூட்டம்

அந்த வருடம் சுற்றை நடத்துவதா என்று பேச, ஒடென்சேயில் ஒரு தேவாலயத்தின் பின்னறையில் கூடினோம். “அங்கை சனம் அவ்வளவும் செத்துக் கிடக்கு, இங்கை பந்தடிக்கிறதோ?” என்று ஒருவர் கேட்டார். “பிள்ளையள் வீட்டுக்குள்ளை இருந்து இன்ரநெற்றிலை பிணம் பாக்கிறதைவிடப் பந்தடிக்கட்டும்,” என்றார் இன்னொருவர். இரண்டு பேரும் சொல்லி முடித்ததும் மங்கை அக்காவைப் பார்த்தார்கள். எல்லோரும் பார்த்தோம். அவருடைய தம்பியும் தம்பி குடும்பமும் போர் நடந்த வன்னியில் இருந்தார்கள். வசந்தத்துக்குப் பிறகு அவர்களைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. முகாமில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

சுற்றை நடத்துவது, ஆனால் தொடக்க விழாவும் பாட்டும் வேண்டாம் என்று முடிவாயிற்று. மங்கை அக்கா எழும்பினார். கைப்பையிலிருந்து பயிற்சி மண்டபத்தின் சாவியை எடுத்து, அணித் தலைவி அபிராமிக்கு முன்னால் மேசையில் வைத்தார். இந்த வருடம் தான் வரவில்லை என்பதை அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. கதவடியில் மட்டும் நின்று சொன்னார்: “நீங்கள் என்ன முடிவெடுத்தாலும் எனக்குச் சரி. ஆனா என்ர முகத்தைப் பாத்து முடிவெடுக்காதையுங்கோ.”

அவர் வராத பயிற்சி

இரண்டு கிழமை கழித்து ஒடென்சே பயிற்சியைப் பார்க்கப் போனேன். அபிராமி கதவைத் திறந்தாள். பயிற்றுநர் இல்லை, விசில் இல்லை. பிள்ளைகள் தாங்களாகவே வட்டமாக நின்று எறியத் தொடங்கினார்கள். அந்த வருடம் புதிதாகச் சேர்ந்த உயரமான ஒருத்தி, பந்து கையில் வந்ததும் தட்டிக்கொண்டு ஓடி, மூன்று பேரைத் தாண்டிப் போய்க் கூடையில் போட்டாள். நல்ல ஆட்டம். என் குறிப்பில் எழுதியும் கொண்டேன். ஆனால் ஒருத்தியும் கைதட்டவில்லை.

அபிராமி பந்தை எடுத்து வந்து, இங்கே பந்தோடு ஓடுவதில்லை என்று டேனிஷில் சொன்னாள். ஏன், விதிமுறை விடுகிறதே என்று புதியவளும் டேனிஷில் கேட்டாள். தாய் தமிழில் கேட்டாலும் டேனிஷில் பதில் சொல்கிற பிள்ளை அபிராமி. நான் பேட்டிக்குப் போன தடவைகளிலெல்லாம் அவளிடமிருந்து ஒரு தமிழ்ச் சொல் வாங்கியதில்லை. அவள் இடுப்பில் கை வைத்து, மங்கை அக்காவின் அதே இழுவையில் சொன்னாள்: “அனுமதி இருக்கெண்டு எல்லாத்தையும் செய்யவேணுமே?”

முதலாமிடம்

அன்று வீட்டுக்கு வந்து, ஒடென்சேக்கு முதலாமிடம் என்று எழுதினேன். பயிற்சியில் பார்த்ததை வைத்து எழுதினேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதழ் வந்ததும் கார்த்திக் அழைத்து, “எந்த அடிப்படைல சார்?” என்று மட்டும் கேட்டார். ஹேர்னிங் மூன்றாமிடத்துக்கு இறங்கியதற்கு அந்தத் தகப்பன் நன்றி சொன்னார். மூன்றாம் நாள், நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் தேநீர் இடைவேளையில், மங்கை அக்காவின் அழைப்பு.

“எங்களை முதலாமிடத்திலை போட்டிருக்கிறியள்.”

“ஓம் அக்கா. பிள்ளையள் நல்லா விளையாடினம்.”

“போன முறையும் நல்லாத்தான் விளையாடினவை. அப்ப கடைசியிலை போட்டனீங்கள்.”

அவர் கோபமாக இல்லை. களைத்த குரல்.

“தம்பி, இப்ப எனக்கு வாற போனெல்லாம் ஒரே மாதிரி. எல்லாரும் குரலைத் தணிச்சுக் கதைக்கினம். கடையிலையும் அப்பிடி, வேலையிலையும் அப்பிடி. நீங்கள் ஒராள்தான் எங்களைப் பற்றி மரியாதையில்லாமல் எழுதிக்கொண்டிருந்தனீங்கள். நீங்களும் இப்ப தணிச்சுப்போட்டியள்.”

மன்னிக்கச் சொன்னேன். அதை அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

“முதலாமிடத்தைக் கதவிலை ஒட்டி நான் என்ன செய்யிறது? பழையபடி கடைசியிலை போடுங்கோ. சனிக்கிழமை நான் வாறன்.”

வாங்கில் இருந்த தொலைபேசி

அடுத்த இதழ்வரை காத்திருக்க முடியாது. ஆசிரியரிடம் கெஞ்சி, இதழின் இணையப் பக்கத்தில் ஒரு வரித் திருத்தம் போடுவித்தேன்: ஒடென்சே, ஐந்தாமிடம். காரணம் கேட்டார். அணியே கேட்டுக்கொண்டது என்றேன். இப்படி ஒரு திருத்தம் இதற்கு முன் யாரும் கேட்டதில்லை என்றார்.

சனிக்கிழமை முதல் ஆட்டம். எதிரணி ஹேர்னிங். பிள்ளைகள் உடை மாற்றி வெளியே வந்தபோது கதவின் உட்பக்கத்தில் அந்த ஒரு வரி பெரிய எழுத்தில் அச்சடித்து ஒட்டியிருந்தது தெரிந்தது. அபிராமி என்னைக் கடந்து போகையில் பார்த்த பார்வையில் பழைய கோபம் முழுதாக இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. மங்கை அக்கா பக்கவாட்டில் நின்றார். மெலிந்திருந்தார். “தட்டாதை!” என்ற சத்தம் மட்டும் மெலியவில்லை. உயரமான புதியவள் தலையைக் குனிந்துகொண்டு பந்தைக் கைமாற்றினாள். பந்து தரையைத் தொடாமல் மண்டபத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போனதை, அதைத் தடுக்க வேண்டிய ஹேர்னிங் பிள்ளைகளே ஒரு கணம் நின்று பார்த்தார்கள்.

முந்திய வருடங்களில் மண்டபத்துக்குள் தொலைபேசி கொண்டுவர மங்கை அக்கா யாரையும் விட்டதில்லை. அன்று அவருடையது, சத்தம் முழுவதும் கூட்டியபடி, நான் உட்கார்ந்திருந்த வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தது. ஆட்டம் முடியும்வரை அது அடிக்கவில்லை. தொடங்கு முன் அதை அங்கே வைத்துவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: “அடிச்சா எடுத்துக் கதையுங்கோ, தம்பி. ஆனா பந்து எங்கட கையிலை இருக்கேக்கை மட்டும் என்னைக் கூப்பிடாதையுங்கோ.”

அந்தப் பருவத்தில் ஒடென்சே மூன்றாமிடம் வந்தது; ஒரே அணிக்கு ஒரே மாதத்தில் முதலிடமும் கடைசியிடமும் கொடுத்து இரண்டிலும் தவறியவன் என்ற பெயரை என்னிடமிருந்து பறிக்க இதுவரை யாரும் முன்வரவில்லை.