ஃப்ரிபூர்க் நிலையத்தில் என் விசாரணை

அடுத்த வீட்டுப் பூனை காணாமல் போனாலும் துப்புத் துலக்கக் கிளம்பும் மடையன் நான். லண்டனிலிருந்து அந்தக் குணத்தையும் பெட்டியோடு கொண்டு வந்துவிட்டேன்.

ஃப்ரிபூர்க் ரயில் மேடையில் ஒரு வெள்ளைக்காரி, நம் நிறத்துச் சிறுமிக்கு இரட்டைப் பின்னல் போடுகிறாள். தேங்காயெண்ணெய் மணக்கிறது. யாருடைய பிள்ளையைக் கடத்திப் போகிறாளோ! அவளுக்கு விளங்காது என்ற தைரியத்தில் தமிழில் தொடங்குகிறேன்.

"பிள்ளை, நீர் ஆரின்ரை மகள்?"

"இவவின்ரை. நான் மதுரையில பிறந்தனான், மாமா. அம்மா என்னைத் தத்தெடுத்தவ."

இங்கே நம் ஊர்க்காரர் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பழகிய பேச்சுப் போலும். அதோடு நான் வாயை மூடியிருக்கலாம்.

"அது சரி, உண்மையான அம்மா ஆர்?"

சிறுமியின் முகம் வாடுகிறது. வெள்ளைக்காரி பின்னலை முடிந்துவிட்டு நிமிர்கிறாள்.

"நான்தான், அண்ணை."