திருப்பி அழைக்க முடியாதவர்களுக்கு ஒரு விருந்து

எங்கள் மூத்த மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். என் கணவர் ரயில்வேயில் கிராணி. ஆபீஸில் எழுத்து வேலை பார்ப்பவர்களை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கேட்ட பிரசங்கத்தைத் திங்கட்கிழமையே வீட்டில் அமல்படுத்திவிடுவது அவர் குணம். நாவை அடக்குவது பற்றி உபதேசியார் பேசினார். அந்த வாரம் முழுக்க இவர் சைகையிலேயே சோறு கேட்டார்.

ஞானஸ்நானத்துக்கு முந்தின ஞாயிறு, பிரசங்கம் விருந்தைப் பற்றி. விருந்து வைத்தால் பணக்காரரையும் சொந்தக்காரரையும் கூப்பிடாதே, அவர்கள் உன்னைத் திருப்பிக் கூப்பிட்டுவிடுவார்கள். பதில் செய்ய வழியில்லாதவர்களைக் கூப்பிடு, உன் பலன் பரலோகத்தில் கிடைக்கும் என்று ஆண்டவர் சொன்ன பகுதி. வெளியே வந்ததும் கணவர், "அருமையான பிரசங்கம்" என்றார். எனக்கோ ஞானஸ்நான விருந்தை நினைத்துப் பயம் வந்தது.

பயந்தது போலவே ஆயிற்று. பெரிய கிராணி குடும்பத்தைக் கூப்பிடக் கூடாது என்றார்.

"ஏங்க, அவங்க வீட்டுல நாம ரெண்டு தடவ சாப்பிட்டிருக்கோம்."

"அதனாலதான் வேணாங்குறேன். அவங்க மறுபடியும் கூப்பிடுவாங்க."

அவர் தெரிந்தெடுத்தது மூன்று பேரை. செங்கல் சூளையில் லோடு ஏற்றும் மாட்டுவண்டிக்காரர், குடும்பத்தோடு. தோளில் தண்டு போட்டுக் கூடை சுமந்து காய்கறி விற்கும் சீனர். கடைத்தெரு வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுக் காவல் காக்கும் பஞ்சாபிக்காரர். அவரை எல்லோரும் ஜாகா என்று கூப்பிடுவோம். ஒவ்வொருவரையும் நினைத்து, "இவரால நம்மளத் திருப்பிக் கூப்பிட முடியுமா?" என்று என்னையே கேட்டார். முடியாது என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகம் பிரகாசித்தது.

விருந்து நன்றாகவே நடந்தது. வண்டிக்காரரின் பிள்ளைகள் அப்பளத்துக்குச் சண்டை போட்டார்கள். ஜாகா குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு பஞ்சாபியில் ஏதோ பாடினார். குழந்தை அவர் தாடியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எல்லாம் முடிந்து விடைபெறும்போதுதான் வினை வந்தது. சீனர் என் கணவரின் கையைப் பிடித்து, "நந்தி லு மாரி ருமா குவா, மக்கான்" என்று கடைத்தெரு மலாயில் சொன்னார். பிறகு நீ என் வீட்டுக்கு வந்து சாப்பிடு என்று அர்த்தம். ஜாகா, நாளைக்கே பால் கொண்டுவருகிறேன் என்று சைகை காட்டினார். வண்டிக்காரர், "கிராணி ஐயா, அடுத்த மாசம் என் மவனுக்குக் காதுகுத்து. கிடா வெட்டுறோம். நீங்க குடும்பத்தோட வரணும்" என்றார்.

கணவர் பதறிப்போனார். "வேணாம் வேணாம். எங்களுக்கு ஒண்ணும் செய்யாதீங்க. செய்யவே கூடாது."

வண்டிக்காரர் முகம் சுருங்கிவிட்டது. "ஏன் ஐயா? எங்க வீட்டுச் சோறு உங்களுக்கு எறங்காதா? வேதக்காரங்க சாதி பாக்க மாட்டாங்கன்னுல்ல நெனச்சேன்."

இவர் மறுபடியும் வேண்டாம் என்பதற்குள், "வரோம். கண்டிப்பா வரோம்" என்று நான் முந்திக்கொண்டேன்.

கணவருக்கு அடுத்த கவலை அன்றே ஆரம்பித்தது. கிடா வெட்டுவது என்றால் சாமிக்குப் படைத்ததாக இருக்குமே. வேதத்தைப் புரட்டி, அப்போஸ்தலர் பவுல் வழி சொல்லியிருப்பதைக் கண்டுபிடித்தார். முன்னால் வைத்ததை ஒன்றும் விசாரிக்காமல் சாப்பிடலாம்; ஆனால் இது படையல் என்று யாராவது சொல்லிவிட்டால் சாப்பிடக் கூடாது.

"அவர் நம்மகிட்டச் சொல்லல. நாமும் கேக்கக் கூடாது. புரியுதா?" என்றார்.

காதுகுத்து வீடு சூளைக்குப் பின்னால். எங்களுக்குப் புதுப் பாய் விரித்து, பெரிய இலை போட்டார்கள். கறி வந்தது. வண்டிக்காரர் எதிரில் குந்திக்கொண்டு, "ஐயா, இந்த ஆடு..." என்று ஆரம்பித்தார்.

"ஆடு அருமையான வாசனை!" என்றார் கணவர் அவசரமாக. "உங்க மாடு ரெண்டும் சுகமா?"

"சுகந்தான். இந்த ஆடு பாருங்க..."

"பாத்தேன் பாத்தேன். மழை வரும் போல இருக்கே?"

வெளியே சுள்ளென்று வெயில். வண்டிக்காரர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் குழம்பைப் பார்த்தேன். "ஐயா, ஒரு வார்த்தை சொல்லிடுறேன், இந்த ஆட்ட..." என்று அவர் மறுபடி தொடங்கினார். இனி தாமதித்தால் ஆபத்து என்று என் கணவர் ஒரு பெரிய துண்டை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார்.

சடக்கென்று சத்தம் கேட்டது. முன்பல் ஒன்று பாதியாக உடைந்து இலையில் விழுந்தது.

"அதத்தான் ஐயா சொல்ல வந்தேன்!" வண்டிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கெழட்டு ஆடு. வெட்டுனவன் எலும்ப நொறுக்கிட்டான். பாத்துக் கடிங்கன்னு சொல்லவிட்டாத்தானே!"

முதலில் சிரித்தது நான்தான். அடக்கவே முடியவில்லை. அப்புறம் வண்டிக்காரர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என் கணவர் கன்னத்தைப் பிடித்தபடி எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஓட்டைப் பல்லோடு அவரும் சிரித்துவிட்டார். கறியை விட்டுவிட்டு ரசத்தை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காய்கறிச் சீனர் இவர் வாயைப் பார்த்ததும் கூடையை எங்கள் வாசலிலேயே இறக்கிவிட்டு, பல் கட்டும் தன் மைத்துனரிடம் கையோடு கூட்டிப்போனார். மாலையில் என் கணவர் தங்கப் பல்லோடு திரும்பினார். எவ்வளவு கெஞ்சியும் மைத்துனர் காசு வாங்கவில்லையாம். அந்தப் பல்லைப் பார்த்து, ஆபீஸில் அவருக்கு உத்தியோக உயர்வு வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

அவர் உபதேசியாரிடம் போய் முறையிட்டார். "ஐயா, பரலோகத்துல கிடைக்க வேண்டியது எல்லாம் இங்கேயே வந்து சேருதே. பால் வருது, கறி வருது, இப்போ தங்கமும் வந்துடுச்சு."

உபதேசியார் சிரிக்காமல் கேட்டார்: "அவங்க கூப்பிட்டப்போ போயி சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"கஷ்டமா இருந்துச்சா?"

"நாம விருந்து வச்சுப் போடுறத விட ரொம்பக் கஷ்டம் ஐயா."

"அப்போ சரியாத்தான் போயிட்டிருக்கீங்க. அந்தச் சீனர் வீட்டுக்கு எப்போ போறீங்க?"

சீனப் பெருநாளுக்குப் போனோம். வாத்து வைத்திருந்தார்கள். என் கணவர் இலையைத் தேடினார். கையில் இரண்டு குச்சிகளைக் கொடுத்தார்கள்.