மெல்ட்ரம் வாத்தியாரின் வாய்

சவரக் கண்ணாடியைத் தண்ணீர்க் கூஜாவில் சாய்த்து வைத்து, வாயைக் கோணி, உதட்டைக் குவித்து, மெல்ட்ரம் வாத்தியார் இன்றைய பத்துச் சொற்களை ஓதிக்கொண்டிருக்கிறார். பொய்முடி இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. பக்கத்தில் உச்சரிப்பு அகராதி. அதில் ஒவ்வொரு உயிரெழுத்தின் தலையிலும் குட்டி எண் ஒன்று உட்கார்ந்திருக்கும். ஒன்று என்றால் வாய் இவ்வளவு, நான்கு என்றால் அவ்வளவு. லண்டன்காரர்கள் அப்படித்தான் பேசுகிறார்களாம். வாத்தியார் லண்டனைப் பார்த்ததில்லை.

எடின்பரோவில் வக்கீலுக்குப் படிக்கும் பிள்ளைகள் இவரிடம்தான் வருகிறார்கள். தங்கள் ஊர்ப் பேச்சோடு லண்டனில் போய் வாயைத் திறந்தால் அங்கே சிரிக்கிறார்களே, பாவம், என்ன செய்வார்கள்? முக்காலியில் உட்காரவைத்து, கையில் கண்ணாடியைக் கொடுத்து, "என் உதட்டைப் பார்த்து வாயைத் திறவுங்கள்" என்பார். பதினெட்டு வருடமாக இதே பாட்டு. தாடை வலிக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்ல?

ஒரே ஒருமுறை சறுக்கினார். பாடத்தின் நடுவே கொதிக்கும் தேநீர் தொடையில் கொட்டியதும், தாம் பிறந்த மீனவக் குப்பத்துப் பேச்சில் வசவு ஒன்று விட்டார். அந்த வாரமே மூன்று பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டிலும் அகராதிப் பேச்சுதான். பழைய பேச்சைப் பேசினால் வாய் கெட்டுவிடும் என்று பயம். அதே குப்பத்தில் பிறந்த மனைவி எல்ஸ்பெத் அவருக்குத் 'திருமதி மெல்ட்ரம்' ஆகிப்போனாள்.

இன்று அவள் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறாள். டண்டீயில் இருக்கும் அக்காவிடமே போய் இருந்துவிடப் போகிறாளாம். லீத் துறையில் படகு பத்து மணிக்கு.

"தாங்கள் போக வேண்டாம், திருமதி மெல்ட்ரம்" என்றார் வாத்தியார்.

"அக்கா வீட்ல தினம் ரெண்டு சண்டை வரும்யா. வரட்டுமே. மனுசப் பேச்சு காதுல விழும்ல? இந்த வீட்ல வாத்தியாருதான் இருக்காரு, என் புருசனக் காணோம். இப்பச் சொன்னியே, அதையே நம்ம ஊர்ப் பேச்சுல ஒரு தடவ சொல்லு. கயித்த அவுத்துடறேன்."

வாத்தியார் வாயைத் திறந்தார். வரவில்லை. நாக்கு எங்கெங்கோ தேடிவிட்டு, திரும்பவும் அகராதியையே கொண்டுவந்து போட்டது. அவருக்கு வெட்கமாகப் போயிற்று, அழுகையும் முட்டியது. எல்ஸ்பெத் கடைசி முடிச்சைப் போட்டாள்.

அவர் முக்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு, தாமே அதில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் உதட்டைப் பார்த்தபடி வாயைத் திறந்தார்.